சுழற்பொறி விமானத்தில் வலுக் குறைவு: காரணம் காணும் முறை

வானூர்தியைத் தன் கையாலேயே ஆக்கி, அதில் ஏறிப் பறத்தல் வேண்டும் என்னும் விருப்பம் மனிதனுக்குப் புதியதன்று. புட்பக விமானத்தின் கதை வழங்கும் இலங்கையிலேயே, கேம்பிரிட்ஜில் பொறியியல் பயின்ற ரே விஜேவர்தன (1924–2010) சிறு விமானங்களைத் தாமே அமைத்துத் தாமே ஓட்டியும் காட்டினார். இவ்வாறு தனிமனிதர் தம் பட்டறையில் அமைக்கும் விமானங்களுட் சில, மோட்டார் வண்டிக்கென ஆக்கப்பட்ட சுழற்பொறியை ஏற்றுப் பறக்கின்றன. அத்தகைய விமானத்தில் வலுப் போதவில்லை எனத் தோன்றுமாயின், அதன் காரணத்தை எவ்வொழுங்கில் ஆராய்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

சுழற்பொறி என்னும் பெயர் இருவேறு பொறிகளுக்கு வழங்கியுள்ளது. முதலாம் உலகப் போர்க்கால விமானங்கள் சிலவற்றில் உருளைகளே அச்சைச் சுற்றிச் சுழன்றன, அது வேறு. இங்குக் குறிக்கப்படுவது, ஜெர்மானியரான பீலிக்ஸ் வாங்கலின் (1902–1988) கருத்தில் உதித்து, என்.எஸ்.யூ. நிறுவனத்தில் 1957இல் முதன்முதல் இயங்கிய பொறியாகும். இதில் மேலும் கீழும் ஓடும் முசலம் (பிஸ்டன்) இல்லை. இடை சற்றுச் சிறுத்த நீள்வட்ட அறையினுள் முக்கோண வடிவான சுழலி ஒன்று சுற்றுகின்றது. அதன் மூன்று முகங்களும் வளியை உள்வாங்கல், நெருக்கல், எரித்தல், வெளியேற்றல் என்னும் நான்கு தொழில்களையும் முறையே செய்கின்றன. சுழலி ஒருமுறை சுற்றுவதற்குள் அச்சு மும்முறை சுற்றுகின்றது. ஆதலின், அச்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் சுழலிக்கு ஓர் உந்தல் கிடைக்கின்றது. வால்வுகள் இல்லை; அசையும் உறுப்புகள் சில; எடையும் குறைவு.

இக்குணங்களே விமானம் அமைப்போரைக் கவர்ந்தன. லாக்ஹீட் நிறுவனத்தின் 'கியூ-ஸ்டார்' விமானம் வாங்கல் பொறியோடு பறந்தது. இந்தியாவில் ஆக்கப்பட்ட 55 குதிரைவலுச் சுழற்பொறி, 2009 ஏப்ரல் 5ஆம் நாள் கோலாரில் 'நிஷாந்த்' என்னும் ஆளில்லா விமானத்தை உயர்த்தியது. தாமே விமானம் அமைப்போர் பெரிதும் நாடுவது மாஸ்டா நிறுவனத்தின் '13பி' பொறியை. அதில் 654 கன சென்டிமீட்டர் அளவுள்ள சுழலிகள் இரண்டு உண்டு. அது மிகுந்த வேகத்தில் சுழன்றே தன் முழு வலுவைத் தரும். விமானத்தின் உந்துவிசிறியோ அவ்வேகத்தைத் தாங்காது. ஆகவே இரண்டிற்கும் இடையே வேகங்குறைக்கும் பற்சக்கரப் பெட்டி அமையும். அதன் விகிதம் 2.85 ஆயின், பொறி நிமிடத்திற்கு 7000 முறை சுழல, விசிறி ஏறக்குறைய 2450 முறை சுழலும்.

இனி நோயை ஆராய்வோர் முதலில் தெளிய வேண்டியது ஒன்றுண்டு. வலுக் குறைவு என்பது நோயன்று, நோயின் குறி. குற்றம் வளியில் இருக்கலாம், விசிறியில் இருக்கலாம், பொறியில் இருக்கலாம், காட்டும் மானியிலேயே இருத்தலுங்கூடும். இந்நான்கையும் பிரித்தறியாமல் பொறியைக் கழற்றுவோர், நல்ல உறுப்பைக் கெடுத்து, கெட்ட உறுப்பை அப்படியே விட்டுவிடுவர்.

வளியின் செயலை விளக்கப் பொகவந்தலாவையைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 4000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், தேயிலை மலைகள் சூழ அமைந்த அப்பள்ளத்தாக்கில், நீர் 96 பாகை செல்சியசை அண்மிய வெப்பநிலையிலேயே கொதித்துவிடும். அங்கே வளியமுக்கம் அவ்வளவு குறைவு. கடலோரத்து இரத்மலானையில் வெப்பநிலை 30 பாகையாகவும், 4000 அடி உயரத்தில் 25 பாகையாகவும் உள்ள ஒரு பகற்பொழுதில், மலைவளியின் அடர்த்தி கடலோர வளியின் அடர்த்தியினும் நூற்றுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு பங்கு குறைந்திருக்கும். பொறி உண்பது வளியே. ஆகவே இரத்மலானையில் 160 குதிரைவலுத் தந்த பொறி, எக்குற்றமும் இன்றியே, மலையில் ஏறக்குறைய 140 மட்டுமே தரும்.

இருபது குதிரைவலுதானே என்று இதனைச் சிறிதாக எண்ணலாகாது. நேர்மட்டமாகப் பறக்க 100 குதிரைவலு வேண்டும் எனக் கொள்வோமாயின், மேலே ஏறுதற்கு எஞ்சுவது முன்பு 60, இப்போது 40. பொறியின் வலு எட்டில் ஒரு பங்கு குறைய, விமானம் ஏறும் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகின்றது. நாற்புறமும் மலைச்சரிவு எழுந்து நிற்க, இறங்குதற்குச் சமதரை அரிதாய் உள்ள நிலத்தில் இதன் பொருள் யாதென விமானி அறிதல் வேண்டும்.

வளிக்குற்றத்தையும் பொறிக்குற்றத்தையும் பிரித்தறியும் எளிய சோதனை ஒன்றுண்டு. கோணம் மாறா விசிறியுடைய விமானத்தை நிலத்தில் அசையாது கட்டி, பொறியை முழுமையாகத் திறந்து, சுழற்சியைக் குறித்தல் வேண்டும். வளி மெலியும்போது பொறியின் வலு குறைகின்றது. அவ்வளவிலேயே விசிறி வெட்டிச் செல்லும் வளியின் எதிர்ப்பும் குறைகின்றது. ஆதலின் மலையிலும் கடலோரத்திலும் சுழற்சி எண் பெரிதும் மாறுவதில்லை. சுழற்சி பழைய அளவில் இருந்தும் விமானம் எழுவதற்கு நெடுந்தூரம் ஓடுமாயின், வளியே காரணம், பொறியைத் தொடவேண்டியதில்லை. சுழற்சியும் குறைந்திருப்பின் பொறியையோ விசிறியையோ ஐயுறல் வேண்டும். விசிறி ஏற்கும் வலு, வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறும். எனவே பத்தில் ஒரு பங்கு சுழற்சி குறைந்தால், வலு நூற்றுக்கு 27 பங்கு குறைந்தது என்பது பொருள். இம்முடிவுக்கு வருமுன், வேறொரு சுழற்சிமானி கொண்டு எண்ணை ஒப்பிட்டுக் கொள்ளல் அறிவுடைமை.

அடுத்த வினா: முன்பு நன்றாக இருந்து பின்பு குறைந்ததா, முதல்நாள் தொட்டே குறைவா? முதல்நாள் தொட்டே குறைவாயின் விசிறியின் கோணம் மிகுதியாக இருத்தல் கூடும். அவ்விசிறி பொறியை வேகங்கொள்ள விடாது அமுக்கி வைக்கும். சுழற்பொறியோ வேகம் இன்றேல் வலுத் தாராது. கோணத்தைக் குறைத்தால் குறை தீரும். நாளடைவில் குறைந்ததாயின், தேய்வோ அடைப்போ கசிவோ உண்டென்க.

பொறியை ஐயுறும் நிலை வந்தபின், வெளியிலிருந்து உள்ளே செல்லுதல் முறை. முதலாவது, வளி புகும் வழி. பொறி நின்றிருக்கையில் உள்வழி அமுக்கமானி சுற்றுவெளியின் அமுக்கத்தைக் காட்டும். 4000 அடியில் அது ஏறக்குறைய 25.8 அங்குல இரசம். முழுத் திறப்பில் ஓடும்போதும் அதனை அண்மிய அளவே காணப்படுதல் வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்தால் வடிகட்டி அடைபட்டிருக்கும், அல்லது திறப்பிதழ் (துரொட்டில்) முழுதும் திறவாதிருக்கும். பொறிமூடியினுள் உள்ள 50 பாகை வெப்பக் காற்றைப் பொறி உண்ணுமாயின், 25 பாகை வெளிக்காற்றை உண்பதினும் அடர்த்தி நூற்றுக்கு எட்டுப் பங்கு குறையும்.

இரண்டாவது எரிபொருள். மணிக்கு ஒரு குதிரைவலுவுக்கு அரை இறாத்தல் எனக் கொண்டால், 160 குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறக்குறைய 50 லீற்றர் வேண்டும். பொறியண்டைக் குழாயை முறைப்படி கழற்றி, ஓட்டத்தை ஒரு நிமிடம் அளந்து பார்க்கலாம். கால்பங்கு மேலதிகம் சேர்த்து, ஒரு லீற்றருக்குக் குறையாது வருதல் வேண்டும். நிலத்தில் போதிய அளவு வந்தும் பறக்கையில் அமுக்கம் வீழுமாயின், வெப்பத்தால் குழாயில் ஆவி நிறைகின்றதா என்று நோக்குக.

மூன்றாவது தீப்பொறி. 13பி பொறியில் ஒவ்வொரு சுழலிக்கும் முன்னது, பின்னது எனப் பிளக்குகள் இரண்டு. ஒன்று அவிந்தாலும் பொறி ஓடிக்கொண்டே இருப்பதால் குற்றம் மறைந்து கிடக்கும். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் அது வெளிப்படும். நான்காவது புகைவழி. சுழற்பொறியின் புகை மிக வெப்பமானது. ஒலியடக்கியின் உள்தகடுகள் வெந்து உடைந்து வழியை அடைத்துவிடுதல் உண்டு.

இவையாவும் செவ்வையாய் இருந்தாலன்றி அறையினுள் நோக்க வேண்டியதில்லை. நோக்குங்கால், சாதாரண அமுக்கமானி ஏமாற்றும். மூன்று முகங்களும் ஒரே துளையைக் கடப்பதால் அது மிகுந்த எண்ணை மட்டுமே காட்டும். ஒவ்வொரு முகத்தின் துடிப்பையும் தனித்தனி காட்டும் மானி வேண்டும். அடுத்தடுத்த இரு முகங்கள் தாழ்ந்தால் அவற்றிற்கிடையே உள்ள முனையடைப்பு (அப்பெக்ஸ் சீல்) பழுதுற்றது. ஒன்று மட்டும் தாழ்ந்தால் அம்முகத்தின் பக்கவடைப்பை ஐயுறலாம். மூன்றும் ஒருசேரத் தாழ்ந்தால் பொதுத் தேய்வு.

விலக்கத்தக்க செயல் ஒன்றும் உண்டு. காரணம் அறியாமல், தீப்பொறி நேரத்தை முற்படுத்தி வலுவைக் கூட்ட முயல்வோர் உளர். அதனால் எரிகலவை வெடித்தெரிந்து முனையடைப்புகள் முறியும். குறைந்த வலுவும் அற்றுப்போகும்.

மருந்து என்னும் அதிகாரத்தில் நோயையும் அதன் முதலையும் தணிக்கும் வழியையும் முறையே ஆராயுமாறு வள்ளுவர் விதித்த ஒழுங்கு, உடம்புக்கேயன்றிப் பொறிக்கும் பொருந்தும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, மாற்றுமுன்னும் மாற்றியபின்னும் அளந்து எழுதி வைப்பவனே காரணத்தைக் காண்பான். காணும் வரை விமானம் நிலத்திலேயே நிற்றல் வேண்டும். நிலத்தில் கழியும் நாட்கள் இழப்பல்ல. மலையிடையே வானில் தோன்றும் ஐயத்திற்கோ விடைகாணப் பொழுது இல்லை.