சுருதி குலைக்கும் கைப்பிடி

நரம்புக் கருவிகள் யாவற்றுக்கும் பொதுவான கட்டளை ஒன்று உண்டு. தந்தியின் இரு முனைகளும் அசையாது நிற்றல் வேண்டும் என்பதே அது. வீணையின் மேருவும் குதிரையும், வயலினின் முறுக்காணியும் வாற்பலகையும் இக்கட்டளைக்கு அடங்கியே அமைந்துள்ளன. முனை சிறிது நழுவினாலும் சுருதி குலையும். சுருதி குலைந்தால் இசை இல்லை. இவ்வாறிருக்க, தந்தியின் ஒரு முனையை வேண்டுமென்றே அசைப்பதற்காக ஆக்கப்பட்ட பொறி ஒன்று மின் கிற்றாரில் இடம்பெற்றுள்ளது. குதிரையின் அருகிலிருந்து நீளும் மெல்லிய எஃகுக் கைப்பிடியே அதன் வெளித்தோற்றம். அதனை அழுத்தினால் ஆறு தந்திகளும் ஒருங்கே தளர்ந்து ஒலி தாழும். விட்டால் ஒலி பழைய நிலைக்கு மீளும். மெல்ல அசைத்தால், பாடகரின் குரலில் எழும் நடுக்கத்தைப் போன்றதோர் அசைவு ஒலியில் உண்டாகும்.

கிற்றார் வாசிப்போர் இதனைப்போல விரும்பிய பொறியும் இல்லை. இதனைப்போல வெறுத்த பொறியும் இல்லை எனலாம். விலை கொடுத்து வாங்கிய கருவியில் இப்பொறி அசையாதவாறு மரக்கட்டை ஒன்றைச் செருகி வைத்திருப்போர் பலர். விரும்பி வாங்கியதை ஏன் முடக்க வேண்டும்? இதற்கு விடை காண்பதற்கு, முதலில் இப்பொறி ஏன் தேவைப்பட்டது என்பதை அறிதல் வேண்டும்.

வீணை வாசிப்பவர் மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எழுப்புகின்றார். கிற்றார் வாசிப்பவரும் அவ்வாறு செய்வதுண்டு. ஆயின் விரலால் இழுக்கும்போது தந்தியின் இழுவை கூடுமேயன்றிக் குறையாது. ஆகவே அழுத்திய சுரத்திலிருந்து ஒலியை உயர்த்தலாம். இழுக்காத தந்தியைத் தாழ்த்துதல் இயலாது. மேலும் ஆறு தந்திகளும் சேர்ந்தெழும் கூட்டொலி முழுவதையும் ஒரே வேளையில் வளைப்பதற்கு விரல்கள் போதா. எஃகுத் துண்டொன்றைத் தந்திகளின்மேல் வழுக்கி வாசிக்கும் ஹவாய்க் கிற்றாரில் இது இயல்பாக நிகழ்ந்தது. அந்த இனிமையைச் சாதாரணக் கிற்றாரிலும் பெறவேண்டும் என்ற ஆவலிலிருந்தே இக்கைப்பிடி பிறந்தது.

இனி, இயல்பு விதியைச் சிறிது நோக்குவோம். ஒரு தந்தி ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கின்றதோ அந்த எண்ணே அதன் மீடிறன். அது தந்தியின் நீளத்தையும் நிறையையும் இழுவையையும் பொறுத்தது. நீளமும் நிறையும் மாறாதிருப்பின், மீடிறன் இழுவையின் வர்க்கமூலத்துக்கேற்ப மாறும். ஒலியை ஒரு முழுச்சுர அளவு தாழ்த்த வேண்டுமாயின், இழுவையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கைத் தளர்த்த வேண்டும். ஒரு தாயி முழுவதும் தாழ்த்த வேண்டுமாயின் முக்காற் பங்கைத் தளர்த்த வேண்டும். சாதாரண மெல்லிய தந்திகள் பூட்டிய மின் கிற்றாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 100 இறாத்தல். இவ்வளவு விசையைத் தளர்த்தியும் மீட்டும், ஒவ்வொரு தடவையும் இம்மியளவும் பிசகாது பழைய இடத்திற் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பதே இப்பொறிக்கு விதிக்கப்பட்ட கடமை.

பிசகு எவ்வளவு சிறிதாயினும் காது அதனைக் கண்டுகொள்ளும். கிற்றாரின் மிக மெல்லிய தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 330 முறை அதிர்வது. அது 328 ஆகக் குறைந்து, அதே சுரத்தைச் சரியாக ஒலிக்கும் வேறொரு தந்தியுடன் சேர்ந்து ஒலிப்பின், செக்கனுக்கு இரண்டு தடவை அலையலையாக ஒலி பெருகித் தேய்வது தெளிவாகக் கேட்கும். இப்பிசகு அரைச்சுரத்தின் பத்திலொரு பங்கேயாம்.

1930களில் அமெரிக்காவில் டொக் கோவ்மன் என்பார் ஆக்கிய கைப்பிடியொன்று வழக்கிற்கு வந்தது. மேர்ல் ற்ராவிஸ் என்னும் புகழ்பெற்ற கிற்றார்க் கலைஞரின் கருவியிலும் அது பூட்டப்பட்டிருந்தது. ஆனால் அது பழைய சுருதிக்கு மீள்வதில்லை. அதனைத் திருத்தித் தருமாறு அவர் கலிபோர்ணியாவைச் சேர்ந்த போல் பிக்ஸ்பி என்னும் பொறிவினைஞரிடம் கேட்டார். பிக்ஸ்பி பழையதைத் திருத்துவதை விடுத்து, 1950களின் தொடக்கத்திற் புதியதொன்றையே ஆக்கினார். தந்திகள் ஒரு சிறு உருளையைச் சுற்றி நிற்க, கைப்பிடியின் அடியிலுள்ள ஒரே சுருள்வில் அவற்றைத் தாங்குகின்றது. இது மெல்லிய நடுக்கத்துக்கு ஏற்றது. பெரிய இறக்கத்துக்கு ஏற்றதன்று. தன் எல்லையை அறிந்து நடப்பதனால் இதனுடன் பிணங்குவோர் ஒப்பளவிற் குறைவு.

1954ஆம் ஆண்டில் லியோ பெண்டர் வெளியிட்ட ஸ்ராற்றோகாஸ்ரர் என்னும் கிற்றாரிலேயே இப்பொறி தன் முழு ஆற்றலையும், முழுத் தொல்லையையும் பெற்றது. அதில் குதிரையும் தந்திகளின் கடைமுனையும் ஒன்றாக்கப்பட்டன. குதிரையின் முன்விளிம்பு ஆறு திருகாணிகளிற் பொருந்தித் தராசுக்கோல்போல் ஆடும். அதனடியில் ஓர் உலோகக் கட்டை கருவியின் உடலை ஊடுருவிப் பின்புறம் செல்லும். அக்கட்டையைப் பின்புறத்திலுள்ள சுருள்விற்கள், ஐந்து வரை, மறுதிசையில் இழுத்து நிற்கும். முன்புறம் தந்திகள், பின்புறம் விற்கள். இரண்டின் இழுப்பும் சமனாகும் இடத்திற் குதிரை மிதந்து நிற்கும். பெண்டர் தம் பொறிக்கு வைத்த பெயரும் ஒரு குழப்பத்தை விளைத்தது. ஒலியின் உரப்பு கூடிக் குறைதலைக் குறிக்கும் சொல்லை, சுருதி கூடிக் குறைதலைச் செய்யும் இக்கருவிக்கு அவர் சூட்டினார். அவருடைய ஒலிபெருக்கிகளிலோ பெயர்கள் தலைகீழாக வழங்கின. அக்குழப்பம் இன்றும் தீரவில்லை.

மிதக்கும் குதிரை என்ற இந்த ஏற்பாட்டிலேயே தொல்லையின் வேர் உள்ளது. தராசின் ஒரு தட்டிற் சிறிது நிறை கூடினாலும் கோல் சாயுமன்றோ? அவ்வாறே ஒரு தந்தியை முறுக்கிச் சுருதி கூட்டினால், குதிரை முன்சாய்ந்து மற்றைய ஐந்து தந்திகளும் தளர்கின்றன. அவற்றைச் சரிசெய்தால் முதலாவது மீண்டும் தளர்கின்றது. ஒரு தந்தி அறுந்தால் விற்களின் கை ஓங்கி, எஞ்சிய ஐந்தும் சுருதி ஏறிவிடுகின்றன. மேடையில் நிற்பவர் பாடலின் நடுவே செய்வதறியாது திகைப்பார். ஒரு தந்தியை விரலால் இழுத்துக்கொண்டே இன்னொன்றை ஒலிக்கச் செய்தாலும், அந்த மற்றைய தந்தி தாழ்ந்து ஒலிக்கும். தந்திகளின் பருமனை மாற்றினால் சமநிலையே மாறிவிடும். நிலைத்த குதிரையுடைய கருவியிலிருந்து வருபவர் ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே நோக்கிப் பழகியவர். இங்கே ஆறும் ஓர் அமைப்பாய் இயங்குகின்றன என்பதை அவர் உணரும்வரை கருவி அவருக்குப் பகையாகவே தோன்றும்.

இரண்டாவது காரணம் உராய்வு. கைப்பிடியை அழுத்தும்போது தந்தி மேருவிலுள்ள பள்ளத்தினூடாக வழுக்கிச் செல்லும். விடும்போது அதே தூரம் திரும்பி வரவேண்டும். பள்ளம் ஒடுக்கமாயின் தந்தி பற்றிக்கொண்டு முழுவதும் திரும்புவதில்லை. குதிரை தன் இடத்துக்கு மீண்டிருந்தும் சுருதி மீண்டிராது. பலர் கைப்பிடியை நோவது இவ்விடத்திலேயே. உண்மையிற் குற்றம் கருவியின் மறுமுனையில் உள்ளது.

மூன்றாவது காரணம் தந்திகளின் இயல்பு வேறுபாடு. ஒரே அளவு தளர்த்தினும் ஆறு தந்திகளும் ஒரே அளவு தாழ்வதில்லை. வெளிச்சுற்று இல்லாத தடித்த மூன்றாவது தந்தி மற்றவற்றிலும் விரைந்து தாழும். ஆகவே கைப்பிடியை அழுத்தும்போது கூட்டொலி முழுவதும் இணக்கமாக இறங்காது, உள்ளுக்குள்ளே சிதைந்தே இறங்கும். இக்குறையை நீக்கும் பொருட்டு, ஒவ்வொரு தந்திக்கும் வேறுவேறு அளவு தளர்வு கொடுக்கும் பொறியொன்றை 1980களில் நெட் ஸ்ரைன்பேர்கர் ஆக்கினார். அது நுட்பமிக்கதேனும் பெருவழக்கு எய்தவில்லை.

பெண்டரே 1958இல் ஜாஸ்மாஸ்ரரிலும் 1962இல் ஜாகுவாரிலும் வேறொரு முறையைக் கையாண்டார். குதிரையையும் கடைமுனையையும் பிரித்துத் தொலைவில் வைத்து, தந்திகளுடன் சேர்ந்து குதிரையும் முன்பின் ஆடுமாறு செய்தார். தந்தி அறுந்தால் பொறியைப் பூட்டி நிறுத்துவதற்கு ஒரு சிறு பொத்தானையும் அமைத்தார். ஏற்பாடு சிறந்ததே. ஆனால் அது அக்காலத்துத் தடித்த தந்திகளை எண்ணி வகுக்கப்பட்டது. பின்னாளில் மெல்லிய தந்திகள் வழக்காறாகியபோது அவை குதிரையைப் போதிய விசையுடன் அழுத்தவில்லை. இருப்பிடத்திலிருந்து துள்ளின, இரைந்தன. கருவியிற் குறையில்லை, காலத்தின் வழக்கம் மாறியது. எனினும் பழி கருவியின்மேலே விழுந்தது. இரண்டின் உற்பத்தியும் 1980ஆம் ஆண்டளவில் நின்றது. மலிவு விலைக்கு வந்த அக்கருவிகளை வாங்கிய இளைஞர் குழுக்களே பின்னர் அவற்றின் புகழை மீட்டன; அவை மீண்டும் ஆக்கப்படலாயின.

உராய்வை முற்றாக ஒழிக்க முயன்றவர் புளொயிட் றோஸ் என்னும் அமெரிக்கக் கிற்றார்க் கலைஞர். நகைவேலையும் அறிந்தவர் அவர். தந்தி வழுக்குவதாலன்றோ தொல்லை, வழுக்கவே விடாது இரு முனைகளிலும் இறுகப் பூட்டினால் என்ன என்று சிந்தித்தார். மேருவிலும் குதிரையிலும் திருகாணியால் தந்திகளை நெரித்துப் பிடிக்கும் அவருடைய அமைப்புக்கு 1979இற் காப்புரிமை கிடைத்தது. எடி வான் ஹேலன் போன்றோர் அதனைக் கையாண்டனர். 1980களில் அது பெருவழக்காயிற்று. தந்திகள் தொய்ந்து தொங்குமளவுக்கு அழுத்தினும் சுருதி மீளும். ஆயின் இந்த வெற்றிக்கும் விலை உண்டு. மேருவைப் பூட்டியபின் முறுக்காணிகளாற் பயனில்லை. குதிரையிலுள்ள சிறு திருகுகளே துணை. தந்தி மாற்றுவதற்கு ஆறுபக்கச் சாவி வேண்டும். தந்தியின் குண்டு முனையை வெட்டியெறிய வேண்டும். ஒரு தந்தி அறுந்தால் மற்றவை ஏறும் பழைய தொல்லையும் நீங்கவில்லை. உராய்வு போயிற்று, தராசு இருந்தபடியே இருக்கின்றது.

பெருங் கலைஞர்கள் இப்பொறியுடன் செய்துகொண்ட உடன்பாடுகள் பலவகை. எரிக் கிளாப்ரன் மரக்கட்டை செருகி அதனை அசையாது நிறுத்தினார். சுருதி நிலைப்பே அவருக்கு முதன்மை. ஹாங்க் மார்வின் 1960இல் வெளியான 'அப்பாச்சி' முதலிய இசைத்தட்டுகளிற் கைப்பிடியை மென்மையாக அசைத்தே தமக்கெனவொரு குரலை அமைத்தார். ஜிமி ஹென்றிக்ஸ் 1969இல் வூட்ஸ்ரொக் விழாவில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தபோது, குண்டு வீழ்வது போன்ற ஓலங்களை அதன் துணையால் எழுப்பினார். சுருதி குலைவதை ஏற்றுக்கொண்டு, வாசிப்பினிடையே திருத்திக்கொண்டார். 2023இல் மறைந்த ஜெப் பெக், மேருவில் உருளைகள் பொருத்திய கருவியை ஏந்தி, கைப்பிடியாலேயே இராக வடிவங்களைப் பிசகின்றி நுணுக்கமாகப் பாடவைத்தார். 1989இல் வெளிவந்த அவருடைய இசைத்தொகுப்பு இதற்குச் சான்று. ஒரே பொறி ஒருவர்க்குத் தடையாகவும் மற்றொருவர்க்குக் குரலாகவும் அமைந்தது.

இப்பொறியுடன் பிணங்கி நிற்பவர் கருவியை விற்பதன்முன் செய்யத்தக்கன சில உள. புதுத் தந்திகளைப் பூட்டியபின் கையால் இழுத்து அவற்றின் தொய்வைப் போக்கல் வேண்டும். மேருவின் பள்ளங்களைத் தந்தியின் பருமனுக்கேற்ப அகலச் செய்து, பென்சிற் கரியைத் தடவலாம். சுருதி கூட்டும்போது ஆறு தந்திகளையும் சுற்றிச் சுற்றிப் பலமுறை சரிபார்த்து, இடையிடையே கைப்பிடியை அழுத்தி விட்டபின் மீண்டும் நோக்கல் வேண்டும். தந்தியின் பருமனை மாற்றினால் பின்புற விற்களைத் தாங்கும் இரு திருகாணிகளையும் மாற்றியமைத்தல் வேண்டும். மேல்நோக்கிய அசைவு வேண்டாதவர் அத்திருகாணிகளை இறுக்கிக் குதிரையை உடலோடு படியவைத்தால், ஒரு தந்தி அறுந்தாலும் மற்றவை ஏறமாட்டா; இறக்கும் ஆற்றலும் எஞ்சியிருக்கும். இவ்வளவும் செய்தபின்னரும் மனம் ஒவ்வாதாயின், ஒரு சிறு மரக்கட்டை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு.