வேலை போச்சு, பிஎஃப் எடுக்க முடியலையா?

வேலை போய் ரெண்டரை மாசம். பிஎஃப் பணத்துக்கு கிளெய்ம் போடப் போனா, போடவே விடல. காரணம், நான் வேலையை விட்ட தேதியைப் பழைய கம்பெனி பதிவே பண்ணல. ஹெச்.ஆர். போன் எடுக்கல, வாடகை தேதியோ நெருங்குது.

அப்புறம்தான் தெரிஞ்சது, அதை நாமளே போடலாம். கம்பெனி கடைசியா பிஎஃப் கட்டி ரெண்டு மாசம் ஆகியிருக்கணும், அவ்வளவுதான். யுஏஎன் போர்ட்டல்ல 'மேனேஜ்', அதுக்குள்ள 'மார்க் எக்ஸிட்'. தேதியும் காரணமும் கொடுத்தா, ஆதாரோட இணைச்ச மொபைலுக்கு ஓடிபி வரும்.

தேதியில மட்டும் கவனம். கடைசியா பிஎஃப் கட்டின மாசத்துக்குள்ள இருக்கணும். ஒருமுறை போட்டுட்டா நீங்களே மாத்த முடியாது.

வேலையில இருக்கறவங்களும் இன்னைக்கே 'சர்வீஸ் ஹிஸ்டரி' பாருங்க. பழைய கம்பெனிக்கு நேரா எக்ஸிட் தேதி இருக்கா?