உங்களுக்குத் தெரியுமா? காட்டுக்குள் 99 தாளக்காரர்கள்!

மேடை கிடையாது. நாற்காலி கிடையாது. கையசைத்து நடத்த கண்டக்டரும் கிடையாது. வாசிப்பவர்கள் மட்டும் 99 பேர் வரை போகலாம்! அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் லூதர் ஆடம்ஸ் 2009-ல் எழுதிய ‘இனுக்சுயிட்’ அப்படிப்பட்ட படைப்பு. திறந்தவெளியில் வாசிப்பதற்காகவே பிறந்தது. முழுக்க முழுக்கத் தாள வாத்தியங்களின் ராஜ்ஜியம்!

99 பேர் சிக்கவில்லையா? கவலை வேண்டாம். 9 பேர் இருந்தாலே ஆரம்பித்துவிடலாம்!

ஆர்க்டிக் பனிவெளியில் இன்யூட் மக்கள் கல்மேல் கல் அடுக்கி அடையாளம் வைப்பார்கள். அந்தக் கற்குவியல்களின் பெயர்தான் இந்த இசைக்கும். இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். இசைக்குறிப்புத் தாளில் தாளங்கள் அடுக்கப்பட்டிருப்பதும் அதே கற்குவியல் வடிவத்தில்தான்! காதுக்கு முன்னால் கண் கேட்டுவிடும்!

இவ்வளவு பெரிய தாளக் கூட்டத்தின் முதல் ஒலி என்னவென்று நினைக்கிறீர்கள்? முரசா? பித்தளைத் தட்டா? இரண்டும் இல்லை. மூச்சு! எல்லோரும் நடுவில் கூடி நின்று, காகிதக் கூம்புகளை வாயில் வைத்து ஊதுகிறார்கள். வெறும் காற்று. அவ்வளவுதான்! கூட்டத்தில் பாதிப்பேருக்குக் கச்சேரி தொடங்கிவிட்டதே தெரியாது!

அப்புறம் ஒவ்வொருவராகக் கலைந்து நாலா பக்கமும் நடக்கிறார்கள். ஒருவர் மரத்தடிக்கு. ஒருவர் மேட்டுக்கு. ஒருவர் கண்ணுக்கே தெரியாத தூரத்துக்கு! அங்கிருந்து சங்கு முழங்குகிறது. ஆமாம், சங்கேதான்! நெளிநெளியான பிளாஸ்டிக் குழாயைத் தலைக்கு மேல் சுழற்றுகிறார்கள். ‘ஊ...’ என்று குழாய் பாடுகிறது! பிறகு பெரிய முரசுகள், பித்தளைத் தட்டுகள், காங்குகள் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. கையால் சுற்றும் சைரன்கூட உண்டு! உச்சத்தில் தரை அதிர்வது பாதத்தில் தெரியும்!

கடைசிப் பகுதிதான் எனக்கு உயிர். முரசுகள் ஓய்கின்றன. சின்னச் சின்ன மணியொலிகள் மட்டும் மிச்சம். நடுவே பறவைக் குரல்கள்! பறவைகளின் பாட்டை அப்படியே சுரப்படுத்தி எழுதிவைத்திருக்கிறார் ஆடம்ஸ். அதைக் காட்டில் வாசித்தால் நிஜப் பறவைகளும் கூடவே கூவுகின்றன. எது வாத்தியம், எது பறவை? முடிந்தால் கண்டுபிடியுங்கள்!

ரசிகர்கள் உட்கார வேண்டியதில்லை. எழுந்து நடக்கலாம். வேண்டிய வாத்தியத்தின் பக்கத்திலேயே போய் நிற்கலாம். வாசிப்பவர்களோ பல திசைகளில். ஆகவே, ஒருவர் கேட்டதை இன்னொருவர் கேட்கவே முடியாது. 500 பேர் வந்தால் 500 கச்சேரி!

இந்த இசைக்கு ஸ்டூடியோவும் காடுதான். 2013-ல் வெளிவந்த ஆல்பத்தை அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக் காட்டுக்குள் பதிவு செய்தார்கள். கலைஞர்கள் 30-க்கும் மேல்!

இதைக் கேளுங்கள். 2018 ஜனவரி. அமெரிக்கா–மெக்சிகோ எல்லை. நடுவில் ஆளுயரத்தைத் தாண்டிய இரும்பு வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் சான் டியாகோ, அந்தப் பக்கம் டிஹுவானா. இரண்டு நாட்டிலும் நின்றபடி சுமார் 70 கலைஞர்கள் இதே ‘இனுக்சுயிட்’ இசையை வாசித்தார்கள்! ஆட்கள் தாண்ட முடியாத வேலி. ஒலிக்கு யார் பாஸ்போர்ட் கேட்பது!

சரி, யார் இந்த ஆடம்ஸ்? இளமையில் ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் அடித்தவர்! 1970-களில் அலாஸ்காவுக்குப் போனார். காடுகளைக் காக்கும் இயக்கத்தில் முழுநேரமாக உழைத்தார். பிறகுதான் முழுநேர இசை. 2014-ல் புலிட்சர் பரிசு! அதைப் பெற்றுத்தந்த ‘பிகம் ஓஷன்’ கடலைப் பற்றிய ஆர்கெஸ்ட்ரா இசை. அதன் பதிவைக் கேட்டு உருகிப்போன ஒரு ரசிகை, அதை வாசித்த சியாட்டில் சிம்பொனிக்கு 50,000 டாலர் அள்ளிக் கொடுத்தார். ரசிகையின் பெயர் டெய்லர் ஸ்விஃப்ட்!

ஆளே இல்லாமல் வாசிக்கும் இசையும் இவர் கைவண்ணம்தான். அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் 2006-ல் இருந்து ஓர் அறை இசைத்துக்கொண்டிருக்கிறது. பூமிக்கடியில் நில அதிர்வு ஏற்பட்டால் அறைக்குள் முரசுபோல் அடியொலி. வானில் துருவ ஒளி தோன்றினால் மணியொலி! சூரியன், சந்திரன் நகர்வுக்கு ஏற்பவும் ஒலி மாறும். வாசிப்பது இயற்கை!

இயற்கையை இசையாக்கியவர் ஆடம்ஸ் மட்டுமல்ல. கள்ளிச்செடியை மீட்டிக் கேட்டதுண்டா? இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1975-லேயே மீட்ட வைத்துவிட்டார்! முள்ளை விரலால் சுண்ட வேண்டும். நுண்ணொலியை மைக் பெரிதாக்கும். மரத்தின் காய்ந்த நெற்றை ஆட்டினால் அதுவும் வாத்தியம்! ஒருவர் வாசிக்கும் அந்தப் படைப்பின் பெயர் ‘சைல்ட் ஆஃப் ட்ரீ’. அடுத்த வருடமே ‘பிராஞ்சஸ்’ எழுதினார். அதை எத்தனை பேர் வேண்டுமானாலும் வாசிக்கலாம்!

இரவு பெய்த மழையை இலைகளில் பிடித்துவைத்து, ஊரெல்லாம் காய்ந்த பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும் மரம். நோபல் எழுத்தாளர் கென்சாபுரோ ஓஏ-யின் கதையில் வருவது இது. ஜப்பானின் தோரு தாகேமித்ஸு 1981-ல் அதை ‘ரெயின் ட்ரீ’ என்று மூன்று தாளக் கலைஞர்களுக்கான இசையாக்கினார். மரிம்பாவும் வைப்ரஃபோனும் துளித்துளியாகச் சொட்டும்!

தாகேமித்ஸு 1996-ல் மறைந்தார். அவர் நினைவாகச் சீன இசையமைப்பாளர் டான் டுன் என்ன செய்தார் தெரியுமா? தண்ணீரையே வாத்தியமாக்கிவிட்டார்! மேடையில் கண்ணாடிபோல் தெரியும் தொட்டிகள். கலைஞர் உள்ளங்கையால் நீரை அறைகிறார், அளைகிறார், சொட்டவிடுகிறார். ஒலிக்கும் காங்கை நீருக்குள் இறக்கினால் சுருதியே வழுக்கிக்கொண்டு போகிறது! பின்னால் முழு ஆர்கெஸ்ட்ரா. எழுதிய ஆண்டு 1998.

பூமி போதாதென்று நட்சத்திரத்தையும் தாளம் போட அழைத்தவர் பிரான்ஸின் ஜெரார் கிரிஸே! 1991-ல் அரங்கேறிய அவருடைய படைப்பில், ஆறு கலைஞர்கள் ரசிகர்களைச் சுற்றி நின்று வாசிக்கிறார்கள். ஏழாவதாகச் சேர்வது துடிவிண்மீன்! செத்துப்போன நட்சத்திரத்தின் எச்சம் சுழன்றபடி அனுப்பும் ரேடியோ துடிப்பு, ஸ்பீக்கரில் அடியொலியாக விழுகிறது. அப்படி ஒலிக்கும் துடிவிண்மீன்களில் ஒன்றின் பெயர் வேலா. தூரம் ஏறத்தாழ 1,000 ஒளியாண்டு. அது போடும் தாளத்தின் வேகம்? விநாடிக்கு 11 அடி!