காற்று ஓய்ந்த நாளில் மின்சாரம்

நார்வே நாட்டின் மேற்குக் கரைக்கு அப்பால், வடகடலில் உட்சிரா என்றொரு குட்டித் தீவு இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 200. உங்கள் பள்ளியில்கூட இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்! ஆனால் காற்றுக்கு அங்கே பஞ்சமே இல்லை. காற்றாலை நட்டால் மின்சாரம் கொட்டும். சரி, காற்று ஓய்ந்துவிட்டால்?

இதற்கு விடை தேடி 2004-இல் நார்ஸ்க் ஹைட்ரோ, எனர்கான் என்ற இரு நிறுவனங்கள் அங்கே ஒரு சோதனையைத் தொடங்கின. தீவுக்குக் கடலடிக் கேபிள் வழியாக மின்சாரம் வந்துகொண்டுதான் இருந்தது. அந்தக் கேபிளை நம்பாமல் 10 வீடுகளைக் காற்றை வைத்தே நடத்திக் காட்ட வேண்டும் என்பது திட்டம். 600 கிலோவாட் காற்றாலைகள் இரண்டை நிறுத்தினார்கள். 10 வீட்டுக்கு ஒன்றே தாராளம். பலத்த காற்றில் மிஞ்சுவதை என்ன செய்வது?

அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல மின்சாரத்தைக் கொட்டி வைக்க முடியாது. வேறொன்றாக மாற்றித்தான் சேமிக்க வேண்டும். அதனால் மிஞ்சிய மின்சாரத்தைத் தண்ணீரில் பாய்ச்சினார்கள். தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்தது. உங்கள் பாடப்புத்தகத்தில் வரும் மின்னாற்பகுப்புதான் இது. ஹைட்ரஜனை அழுத்தித் தொட்டியில் அடைத்தார்கள். தொட்டி நிறைந்திருந்தால், இரண்டு நாள் காற்றே வீசாவிட்டாலும் 10 வீட்டிலும் விளக்கு எரியும்.

ஹைட்ரஜனிலிருந்து மறுபடி மின்சாரம் எடுக்க இரண்டு வழிகளை வைத்திருந்தார்கள். ஒன்று, ஹைட்ரஜனில் ஓடும் எஞ்சின். இன்னொன்று, எரிபொருள் மின்கலம். இதற்குள் தீயே கிடையாது. ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது மின்சாரம் வருகிறது. மிச்சம் வருவது வெறும் தண்ணீர். புகை இல்லை, கரி இல்லை. வில்லியம் குரோவ் என்ற வேல்ஸ்காரர் 1839-லேயே கண்டுபிடித்த சங்கதி இது!

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 9 லிட்டர் தண்ணீரும் 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் வேண்டும். எரிபொருள் மின்கலம் திருப்பித் தருவதோ 15 முதல் 20 யூனிட்தான். மீதி வெப்பமாகப் போய்விடும். பேட்டரி இவ்வளவு வீணாக்காது. அப்படியானால் பேட்டரியே போதுமே என்பீர்கள். ஓர் இரவுக்கு என்றால் போதும். நாள்கணக்கில், வாரக்கணக்கில் சேமிக்க வேண்டும் என்றால் பேட்டரிகளை மலைபோல் அடுக்க வேண்டியிருக்கும். ஹைட்ரஜனுக்குத் தொட்டியைப் பெரிதாக்கினால் ஆயிற்று.

ஆகவே கம்பி வந்துவிட்ட ஊருக்கு இது வீண் செலவு என்பதே என் கருத்து. படகில் டீசல் வந்தால்தான் விளக்கு எரியும் என்றிருக்கும் தீவுக்கும் மலைக் கிராமத்துக்கும் நல்ல வழி. காற்றோ வெயிலோ அங்கே தாராளமாகக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீங்களும் ஹைட்ரஜனைப் பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் ஆப்ப சோடாவைக் கரையுங்கள். இரு முனையும் சீவிய பென்சில்கள் இரண்டை, ஒன்றோடொன்று படாமல் அதில் நிறுத்துங்கள். மேல் முனைகளை 9 வோல்ட் பேட்டரியோடு வயரால் இணையுங்கள். அதிகக் குமிழி வரும் பக்கம்தான் ஹைட்ரஜன். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அருகில் தீக்குச்சி கூடாது. சோடாவுக்குப் பதில் உப்பைப் போட்டுவிடாதீர்கள், குளோரின் என்ற நச்சு வாயு வரும். வீட்டு மின் ப்ளக்கை இதற்காகத் தொடவே கூடாது!