கழுகைச் சுத்தி ஒரு செங்கல் சுவர்!

சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிற நாலு பேரைச் சண்டைக்கு இழுக்க வேண்டுமா? எம்.ஜி.ஆரா, சிவாஜியா என்று கேட்டது தாத்தா தலைமுறை. ரஜினியா, கமலா என்று கேட்டது மாமா, சித்தப்பா தலைமுறை. முப்பதைத் தாண்டி, லேசாகத் தொப்பை விழுந்து, மாசாமாசம் ஈ.எம்.ஐ. கட்டுகிற ஆசாமிகள் மத்தியில் இதெல்லாம் எடுபடாது. 'உன் லைஃப்லயே பெஸ்ட் வீடியோ கேம் எது?' என்று கேட்டுவிட்டு, டீ கிளாஸோடு ரெண்டு அடி தள்ளி நின்று வேடிக்கை பாருங்கள். அப்ரைசல் மீட்டிங்கில்கூட வாயைத் திறக்காத பார்ட்டியெல்லாம் மேஜையைத் தட்டுவான்.

இந்தச் சண்டையில் அடியேனும் ஒரு கட்சி. என் லிஸ்ட் இதோ. திட்டுவதற்கு முன்னால் ரூல்ஸைக் கேட்டுவிடுங்கள்.

பி.காம். படித்தவனிடம் லிஸ்ட் போடச் சொன்னால், அவன் முதலில் கேட்பது 'வேல்யுவேஷன் எந்த மெத்தட்ல?' என்பதுதான். 1985-ல் வந்த விளையாட்டையும் 2018-ல் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி 'எது அழகு?' என்றால், தாத்தா வாங்கிய சம்பளத்தையும் பேரன் வாங்குகிற சம்பளத்தையும் ஒப்பிடுகிற கதைதான். அதற்குத்தான் இன்டெக்ஸேஷன் என்று ஒன்று உண்டு. (2024 பட்ஜெட்டில் அதைப் பெரும்பாலும் தூக்கிவிட்டார்கள். பரவாயில்லை, என் லிஸ்ட்டில் இன்னும் இருக்கிறது!) எனவே கிராஃபிக்ஸுக்கு மார்க் கிடையாது. விளையாடி முடித்துப் பல வருஷம் கழித்து, பஸ்ஸுக்கு நிற்கும்போதோ பல் தேய்க்கும்போதோ, சம்பந்தமே இல்லாமல் கட்டைவிரல் தானாக அசைய வேண்டும். அசைந்தால் உள்ளே. இல்லையென்றால், எத்தனை கோடி கொட்டி எடுத்திருந்தாலும்... ஸாரி.

இந்த ரூலில் முதல் பலி, 2018-ல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'. என் நண்பர்கள் பாதிப் பேர் கும்பிடுகிற சாமி அது. அமெரிக்கக் காட்டையும் மலையையும் அப்படியே கொண்டுவந்து வீட்டு ஹாலில் இறக்கியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் சார், அதில் குதிரைக்குத் தீனி வைக்க வேண்டும். உடம்பைத் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது சோர்ந்துபோகும். வாசலில் நிற்கிற என் ஸ்கூட்டரையே சர்வீஸுக்கு விட்டு எட்டு மாசம் ஆகிறது. ராத்திரி பத்தரை மணிக்கு மேல் கிடைக்கிற முக்கால் மணி நேரத்தில் நான் குதிரை மேய்க்கணுமா?

ஐந்தாவது இடம் ஈ.ஏ. ஸ்போர்ட்ஸின் 'கிரிக்கெட் 07'. 2006 கடைசியில் பிளேஸ்டேஷன்-2க்கும் கம்ப்யூட்டருக்கும் வந்தது. சுமாரான ஆட்டம்தான். ஆஷஸ் தொடரை வைத்து எடுத்ததால் ஆஸ்திரேலியா, இங்கிலாந்துக்கு ராஜமரியாதை. உரிமை வாங்காத அணிகளின் வீரர்களுக்கோ, ரேஷன் கார்டில் அச்சாகிற மாதிரி பெயரைக் கொஞ்சம் திருகிப் போட்டிருப்பார்கள். ரிச்சி பெனோவும் மார்க் நிக்கோலஸும் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அதற்கப்புறம் கன்சோலுக்கோ கம்ப்யூட்டருக்கோ அந்தக் கம்பெனி கிரிக்கெட் விளையாட்டே வெளியிடவில்லை. ஆனால் நம்மாட்கள் விட்டார்களா? டீம் மாற்றி, ஜெர்ஸி மாற்றி, ஐ.பி.எல்.லையே உள்ளே நுழைத்து, இன்றைக்கும் அதை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பெத்தவன் கைவிட்ட பிள்ளையை ஊரே சேர்ந்து வளர்க்கிறது. அதற்காகவே ஒரு இடம்.

நாலாவது, 2004-ல் வந்த 'சான் ஆண்ட்ரியாஸ்'. என் வயசுக்காரனிடம் இதை விளக்கத் தேவையில்லை. 'ரயில் மிஷன்' என்று ரெண்டு வார்த்தை சொன்னால் போதும், முகம் சுருங்கும். ஓடுகிற ரயிலுக்குப் பக்கத்தில் நாம் பைக் ஓட்ட, பின்னால் உட்கார்ந்திருக்கிற குண்டர் ரயில் மேலே நிற்கிறவர்களைச் சுட வேண்டும். சுடமாட்டார். அதாவது சுடுவார், படாது. கடைசியில் தோற்றது நாம்தான் என்று திட்டும் நமக்கே விழும். இப்படி ஒரு பாஸை அப்புறம் மூன்று ஆபீஸ்களில் நேரிலேயே பார்த்தேன்.

நாங்கள் இதை ஆடியது மணிக்கு இருபது ரூபாய் பார்லரில். அங்கே எட்டு எம்.பி. மெமரி கார்டு ஒன்றே ஒன்று. ஊருக்கே அதுதான் லாக்கர். ரெண்டு மாசம் டியூஷன் காசைச் சேர்த்துச் சேர்த்து நான் ஆடி வைத்திருந்ததன் மேல், யாரோ ஒரு புண்ணியவான் தன் ஆட்டத்தை சேவ் பண்ணிவிட்டுப் போய்விட்டான். பார்லர்காரர் நிதானமாகச் சொன்னார்: "முதல்லேருந்து ஆடு தம்பி. ரெண்டாவது தடவை ஈஸியா இருக்கும்." அவர் வியாபாரத்துக்கு அது நல்லதுதானே!

பிளேஸ்டேஷன் பிறந்த கதையே ஒரு கல்யாணம் நின்றுபோன கதை. நிண்டெண்டோவோடு சேர்ந்து சி.டி. போடுகிற கருவி செய்யப்போவதாக 1991-ல் அமெரிக்கக் கண்காட்சியில் சோனி அறிவித்தது. மறுநாளே நிண்டெண்டோ, 'நாங்க பிலிப்ஸோட சேர்ந்துட்டோம்' என்றது. மண்டபத்தில் மாப்பிள்ளை மாறினால் பெண் வீட்டார் என்ன செய்வார்கள்? சோனியில் இருந்த கென் குடராகி விடாப்பிடியாக நின்று, 1994 டிசம்பரில் தனிக் கருவியாகவே பிளேஸ்டேஷன் வந்தது. அதன் தம்பி பி.எஸ்.-2, 16 கோடிக்கு மேல் விற்றது. காண்ட்ராக்ட் லா வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் நான் தூங்கியே இருக்கமாட்டேன்.

அந்த பி.எஸ்.-2வில்தான் மூன்றாவது இடத்துக்காரர்: 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்', 2005. ஃபுமிட்டோ உவேடா என்ற ஜப்பானியரின் படைப்பு. செத்துப்போன பெண்ணை மறுபடி எழுப்ப, ஒரு பையன் 16 ராட்சதர்களைக் கொல்ல வேண்டும். வழியில் ஊர் கிடையாது, கடை கிடையாது, சில்லறை எதிரிகள் கிடையாது. வெட்டவெளி, ஒரு குதிரை (இதற்குத் தீனி வைக்க வேண்டாம்!), அவ்வளவுதான். மலை மாதிரி நிற்கிற உருவத்தின் முடியைப் பிடித்துத் தொங்கி, ஏறி, உச்சியில் கத்தியை இறக்கினால், அது மெள்ளச் சரியும். ஜெயித்தால் கை தட்டத் தோன்ற வேண்டுமே, தோன்றாது. 'தேமேன்னு இருந்ததைப் போய்க் கொன்னுட்டோமே' என்றுதான் இருக்கும். எதிரி விழுந்ததும் ஆடுகிறவனையே சங்கடப்படுத்துகிற தைரியம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ரெண்டாவது இடத்துக்கு வந்தால் எல்லோரும் எழுந்து நிற்கலாம். 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்', 1985 செப்டம்பர்.

மொத்த விளையாட்டும் 40 கே.பி.! உங்கள் செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோ 3 எம்.பி. என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு போட்டோ இடத்தில் 75 மேரியோவை உட்கார வைக்கலாம். அதில் எட்டு உலகம், உலகத்துக்கு நாலு கட்டம், பாட்டு வேறு. எப்படி முடிந்தது? சிக்கனம். ஆகாயத்தில் இருக்கிற மேகமும் தரையில் இருக்கிற புதரும் ஒரே படம்தான். மேகத்துக்கு வெள்ளை, புதருக்குப் பச்சை. இப்போதே போய்ப் பாருங்கள், அப்புறம் அது கண்ணை விட்டுப் போகாது. தீபாவளிக்கு ஒரே பீஸில் துணி எடுத்து அண்ணன் தம்பிக்குச் சட்டை தைத்த நம் அம்மாக்கள் இதைக் கேட்டால் ஆச்சரியப்படமாட்டார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது முதல் அரை நிமிஷம். காளான் தலையன் ஒருவன் நேராக வருகிறான். ஒன்றும் செய்யாவிட்டால் சாவு. குதிக்க வேண்டும் என்று புரிந்துவிடுகிறது. அடுத்து, கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் ஒரு காளான் வருகிறது. அது வலப்பக்கம் போய், குழாயில் மோதி, திரும்பி நம்மிடமே வருகிறது. பயந்துகொண்டே தொட்டால் மேரியோ பெரிசாகிறான். ஷிகெரு மியாமோட்டோவின் குழு யோசித்து யோசித்து வைத்த பாடம் இது. ஒரு வரி எழுத்து கிடையாது. எங்கள் வீட்டுக்கு வந்த கேசட்டில் விளக்கப் புத்தகமும் கிடையாது, எங்களுக்கு இங்கிலீஷும் கிடையாது. மேரியோவுக்கு ரெண்டும் தேவைப்படவில்லை.

எங்கள் வீட்டுக் கருவி ஒரிஜினல் இல்லை என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாமின் நகல். மெட்ராஸ் பர்மா பஜாரிலிருந்து மாமா தஞ்சாவூருக்குத் தூக்கி வந்தது. கேசட்டில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே நாற்பது, ஐம்பது விளையாட்டையே பெயரை மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். பிற்பாடு கல்லூரியில் 'விண்டோ டிரஸ்ஸிங்' என்று பாடம் எடுத்தபோது எனக்கு உதாரணமே தேவைப்படவில்லை.

அந்தக் கேசட்டில்தான் இருந்தது முதலிடம். 'பேட்டில் சிட்டி'. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் டாங்க் கேம்.

'மேரியோவுக்கு மேலேயா?' என்று கேட்பீர்கள். ஆமாம் சார், மேலேதான்.

நாம்கோ கம்பெனி வெளியிட்டது. மேரியோ வந்த அதே மாதம், சில நாள் முந்தி. கீழே நடுவில் ஒரு கழுகு, அதைச் சுற்றிச் செங்கல் சுவர். மேலேயிருந்து 20 எதிரி டாங்குகள் வரும். நாம் செத்தாலும் உயிர் மிச்சம் இருக்கும். கழுகு செத்தால் ஆட்டம் க்ளோஸ். நம் குண்டே தவறிக் கழுகில் பட்டாலும் க்ளோஸ்தான். ரெண்டு பேர் சேர்ந்து ஆடலாம். கூட்டாளி மேல் குண்டு பட்டால் அவன் சாகமாட்டான், ஆனால் கொஞ்ச நேரம் அசைய முடியாமல் துடிப்பான். கூட்டு வியாபாரத்தைப் பற்றி இதைவிட நல்ல பாடம் நான் படித்ததில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் போடுகிற 'உலகின் தலைசிறந்த 100' லிஸ்ட் நான் பார்த்தது எதிலும் இது கிடையாது. காரணம் இருக்கிறது. நிண்டெண்டோ கொடிகட்டிப் பறந்த காலத்தில் அமெரிக்காவில் இது வெளியாகவே இல்லை. லிஸ்ட் போடுகிற அண்ணாத்தைகள் ஆடி வளர்ந்ததில்லை. ஆடி வளர்ந்தது யார்? 1992-லிருந்து 'டென்டி' என்ற நகலில் ஆடிய ரஷ்யப் பையன்கள். நகல் பெட்டிகளில் ஆடிய சீனப் பையன்கள். நாம். மாஸ்கோவிலும் தஞ்சாவூரிலும் ஒரே கழுகைத்தான் காப்பாற்றியிருக்கிறோம், ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல். திருட்டுக் கேசட்தான், நாம்கோவுக்குப் பைசா போகவில்லை, நியாயம் பேச வரவில்லை. ஆனால் நேர்வழியில் காத்திருந்தால் அது நம் வாசலுக்கு வந்தே இருக்காது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவிகிதத்தை இன்றைக்குக் கடையில் வாங்கவே முடியாது என்று 2023-ல் அங்கே ஓர் ஆய்வு சொன்னது. முறையாக விற்ற ஊர் நிலைமையே அதுதான்.

எங்கள் வீட்டில் அண்ணன் ஒண்ணாம் கன்ட்ரோலர், நான் ரெண்டு. அண்ணன் கழுகுக்குப் பக்கத்தில் நின்று காவல். நான் மேலே போய் வீரம் காட்டுவது. அந்த விளையாட்டில் நாமே கட்டம் கட்டிக்கொள்ளும் வசதி உண்டு. அண்ணன் கழுகைச் சுற்றி இரும்புச் சுவராக வைத்து அடைத்துவிடுவான். அதற்கு 'பாங்க் லாக்கர்' என்று பெயர் வேறு.

அப்பா போன பிறகு வீடு விஷயமாக எங்களுக்குள் ஒன்றரை வருஷமாகப் பேச்சு இல்லை. வக்கீல்கள்தான் பேசிக்கொள்கிறார்கள். இதை எழுதும்போது ஒரு விவரம் வேண்டியிருந்தது. புத்தகத்திலோ கம்ப்யூட்டரிலோ பார்த்திருக்கலாம். பார்க்காமல், வாட்ஸ்அப்பில் கேட்டேன்: "அண்ணே, டாங்க் கேம்ல மொத்தம் எத்தனை ஸ்டேஜ்?"

ரெண்டு நிமிஷத்தில் பதில் வந்தது: "35. அப்புறம் திரும்ப முதல் மேப்பே வரும். எதுக்கு?"

"பத்திரிகைக்கு எழுதறேன்."

கொஞ்ச நேரம் 'டைப்பிங்' என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

"கீழ நின்னு காவல் காத்தது நான்தான். நீ பாட்டுக்கு மேல போயிடுவே. அதையும் எழுது."

எழுதிவிட்டேன்.