வெள்ளைச் சட்டை இளைஞர்களின் இரண்டு வருடம்

காலை ஆறரை மணிக்கு, காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையின் நெசவுத் தெருக்களில் வேலை தொடங்கி நெடுநேரம் ஆகியிருக்கும். வெயில் ஏறுவதற்குள் பாவு நூலை நீட்டிக் கட்டிவிட வேண்டும் என்று வீட்டில் பெரியவர், சின்னவர் எல்லோரும் தெருவில் நிற்பார்கள். தறியை விட்டு ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகும் பையன்கள், டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுதான் இருக்கும். குடும்பத்துக்காக அந்த வயதில் உழைப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் அதே வயதில், சம்பளம் இல்லாமல், சொந்தக் காசைப் போட்டு, முன்பின் தெரியாத ஊருக்குப் போய், தன் சாமியைப் பற்றி அந்நியர்களிடம் பேசிவிட்டு வா என்று ஒரு சபை தன் பிள்ளைகளை அனுப்புகிறது. உலகம் முழுக்க இப்போது எழுபதாயிரம் பேருக்கும் மேல் இப்படிப் போயிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் எழுந்திருக்கும் நேரம் காலை ஆறரை.

மார்மன்கள் என்று ஊர் உலகம் அழைக்கும் சபை அது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப் பெயர். அந்தப் பெயராலேயே அழைக்க வேண்டும் என்று அதன் தலைவராக இருந்த ரசல் நெல்சன் 2018இல் கேட்டுக்கொண்டார். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை, 1847இல் பிரிகாம் யங் தலைமையில் யூட்டாவுக்குக் குடிபெயர்ந்தது. பைபிளோடு மார்மன் புஸ்தகத்தையும் வேதமாக வைத்திருப்பதால், மற்ற கிறிஸ்தவ சபைகள் பலவும் இவர்களைத் தங்களில் ஒருவராக ஏற்பதில்லை. ஆகவே இந்தப் பிள்ளைகளுக்குக் கோயில் தெருவிலும் தயக்கமான பார்வைதான், சர்ச் தெருவிலும் தயக்கமான பார்வைதான்.

ஆண்கள் இரண்டு ஆண்டு, பெண்கள் ஒன்றரை ஆண்டு ஊழியம் செய்கிறார்கள். 2012 அக்டோபரில் ஆண்களுக்கான வயது 19இலிருந்து 18ஆகவும், பெண்களுக்கானது 21இலிருந்து 19ஆகவும் குறைக்கப்பட்டது. எந்த நாடு, எந்த மொழி என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அமெரிக்கக் குடும்பம் என்றால் மாதம் 500 டாலர் கட்ட வேண்டும். 2020 ஜூலைக்கு முன் அது 400 டாலராக இருந்தது. பிள்ளை ஜப்பானுக்குப் போனாலும் பெருவுக்குப் போனாலும் தொகை ஒன்றுதான். சிறு வயதிலிருந்தே இதற்கென்று காசு சேர்க்கும் பிள்ளைகள் உண்டு.

எழுந்ததும் ஜெபம், அரை மணி உடற்பயிற்சி, குளியல், காலை உணவு, பிறகு அன்றைய திட்டம், வேதப் படிப்பு. போன இடத்தின் மொழி தெரியாவிட்டால் அதற்கும் ஒரு மணி நேரம். பத்து மணிவாக்கில், ஆண்கள் பெரும்பாலும் வெள்ளைச் சட்டையும் டையுமாக, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டையோடு வெளியே கிளம்ப வேண்டும். பட்டையில் முதற்பெயர் இருக்காது; எல்டர் என்றோ சிஸ்டர் என்றோ போட்டுக் குடும்பப் பெயர் மட்டும். இரவு ஒன்பது, ஒன்பதரைக்குள் வீடு திரும்பி, பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். 2017இல் இந்தக் கால அட்டவணையைக் கொஞ்சம் தளர்த்தி, இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தார்கள். சினிமா கிடையாது, காதல் கிடையாது. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்கவும் மளிகை வாங்கவும் வீட்டுக்கு எழுதவும் விடுகிறார்கள். அன்றும் மாலையில் ஊழியம் தொடங்கிவிடும்.

இதையெல்லாம் விட எனக்குக் கடினமாகத் தெரிவது ஜோடி வாழ்க்கை. ஊழியர் யாரும் தனியாக இருக்கக் கூடாது. குளியலறை தவிர, நாளின் மற்ற நேரமெல்லாம் தோழன் கூடவே இருக்க வேண்டும். அவன் யார் என்பதை அந்தப் பகுதியின் மிஷன் தலைவர் தீர்மானிக்கிறார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் மாற்றல் உத்தரவில் தோழனும் மாறலாம், ஊரும் மாறலாம். கோர்வைப் பட்டு நெய்யும் எங்கள் வீடுகளில் இது புரியும். தறியில் உட்காருபவர் ஒருவர், கரைக்கு நாடா வாங்கிப் போடுபவர் ஒருவர். அந்த இருவருக்குள் பேச்சு வார்த்தை இல்லையென்றாலும் கை ஒத்துப் போக வேண்டும். ஒருவர் கோபத்தில் பிந்தினால் சேலையில் அது நின்றுவிடும். ஆனால் தறிக்கு உட்காரும் இருவரும் பெரும்பாலும் கணவன் மனைவி, அப்பா மகன். சாயங்காலம் எழுந்து போய்விடலாம். அந்தப் பிள்ளைகளால் அது முடியாது.

அதற்கும் சபை ஒரு வழி வைத்திருக்கிறது. வாரம் ஒருமுறை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவரிடம் ஒருவருக்கு உள்ள குறையைச் சொல்லித் தீர்த்துக்கொள்ள வேண்டும். நீ படிக்கும்போது பாடுகிறாய், நான் பேசும்போது குறுக்கே பேசுகிறாய், பாத்திரத்தைக் கழுவாமல் வைக்கிறாய். பிறகு சேர்ந்து ஜெபம். பத்தொன்பது வயதுப் பையன் இன்னொரு பையனிடம் தன் மனத்தாங்கலைக் கத்தாமல் சொல்லக் கற்பது சாதாரணப் பயிற்சி இல்லை. நம் கல்லூரி விடுதிகளிலும் நிறைய வீடுகளிலும் இப்படி ஒரு அரை மணி நேரம் இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

சபையின் ஒரு பழைய விதியை மட்டும் என்னால் ஏற்க முடியவே இல்லை. ஊழியத்தில் இருக்கும் பிள்ளை வீட்டுக்கு போன் பேசுவது ஆண்டுக்கு இரண்டே முறை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இடையில் தாத்தா இறந்தாலும் தங்கைக்குக் கல்யாணம் நடந்தாலும் ஊழியத்தை விட்டுப் போகாமல் இருப்பதே வழக்கம். வீட்டு நினைப்பு வந்தால் வேலை ஓடாது என்பது காரணம். 2019 பிப்ரவரியில்தான் வாரம் ஒருமுறை பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம் என்று மாற்றினார்கள். தொழில்நுட்பம் எப்போதோ வந்துவிட்டது. அனுமதி வர அத்தனை வருடம் பிடித்திருக்கிறது. அதற்குள் எத்தனை தாய்மார்கள் மே மாதத்துக்காகக் காத்திருந்தார்களோ!

பிள்ளைகள் உடைந்து போவதும் உண்டு. சபையே அதை ஒப்புக்கொண்டு, ஊழிய வாழ்க்கைக்கு மனத்தைப் பழக்குவது பற்றி ஒரு சிறு கையேடு தந்திருக்கிறது. மன அழுத்தத்தை அதில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறமாகப் பிரித்திருக்கிறார்கள். பச்சை என்றால் சமாளிக்கிறேன். சிவப்பு என்றால் ஓய்வும் உதவியும் இல்லாமல் முடியாது. தான் எந்த நிறத்தில் இருக்கிறோம் என்று ஊழியரே பார்த்துச் சொல்ல வேண்டும். நேரத்துக்கு முன்பே வீடு திரும்புபவர்களை ஊரும் உறவும் ஒரு மாதிரிப் பார்ப்பதும் அங்கே நடக்கிறது. ஐஐடி கோச்சிங்கிலிருந்து பாதியில் திரும்பிய பையனை நாம் பார்க்கிறோமே, அந்தப் பார்வைதான் அது. இரண்டுமே தப்பு.

நம் பக்கத்துக்கு இவர்கள் வந்தது நேற்றைய கதை இல்லை. 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் சிட்டியில் கூடிய மாநாட்டில் இந்தியாவுக்கு ஊழியர்கள் நியமிக்கப்பட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் மான்சூன் என்ற கப்பலில் ஏறி 1853இல் கல்கத்தா வந்தார்கள். அவர்களில் ரிச்சர்ட் பாலண்டைனும் ராபர்ட் ஸ்கெல்டனும் அங்கிருந்து சென்னைக்கு வந்தார்கள். பாலண்டைன் ஸ்காட்லாந்துக்காரர், ரொட்டி சுடும் தொழில் பழகியவர், 1849இல் யூட்டாவில் தம் சபையின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய அந்தக் குடும்பஸ்தர், கையில் பணம் இல்லாமல், கிடைத்த இடத்தில் தங்கி, துண்டுப் பிரசுரம் அச்சிட்டுக் கொடுத்து, சென்னையில் இருந்த ஆங்கிலேயர்களிடம் பேசிப் பார்த்தார். அவரை நியமித்த அதே மாநாட்டில்தான் சபை தன் பலதார மண வழக்கத்தையும் வெளிப்படையாக அறிவித்திருந்தது. பாதிரிமாரும் பத்திரிகைகளும் சும்மா விடுவார்களா? சேர்ந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஓராண்டு போல் இருந்துவிட்டு 1854இல் கப்பலேறிவிட்டார். பலதார மணத்தை 1890இல் சபை கைவிட்டது.

நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 1960களில், கோயம்புத்தூரில் பால் திருத்துவதாஸ் என்பவர் தாமே இந்தச் சபையைப் பற்றிப் படித்து, கடிதம் எழுதி, ஞானஸ்நானம் பெற்றார். ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார். 1978இல் இதே சபையைச் சேர்ந்த எட்வின் தர்மராஜு குடும்பம் ஹைதராபாத்தில் ஊழியம் செய்தது. 1993இல் பெங்களூரைத் தலைமையாகக் கொண்டு தனி மிஷன் அமைந்தபோது, பஞ்சாபில் பிறந்த கணிதப் பேராசிரியர் குருசரண் சிங் கில் அதன் முதல் தலைவரானார். 2018இல் அறிவித்த பெங்களூர் ஆலயத்துக்கு 2020 டிசம்பரில் பணி தொடங்கியது. வெளிநாட்டவர் இங்கே சமயப் பணி செய்யத் தனி மிஷனரி விசா வேண்டும். டூரிஸ்ட் விசாவில் முடியாது. ஆகவே இன்று சென்னையில் பெயர்ப்பட்டையோடு தென்படுபவர் யூட்டாக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆந்திரப் பையன் தமிழ் பேசத் திணறுவான். தமிழ்ப் பையன் டெல்லியில் இந்தியோடு மல்லுக்கட்டுவான்.

பத்தொன்பது வயதில் தமிழ்நாட்டுக்கு வந்த ஒரு மிஷனரியை நாம் நன்றாக அறிவோம். ஜி.யு. போப் 1839இல் வந்தபோது அவருக்கு அந்த வயதுதான். இங்கேயே பல்லாண்டு வாழ்ந்தார். அவரது திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இல்தான் வெளிவந்தது. சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது இருபத்து நான்கை எட்டாத இளைஞர். ஒரு மொழிக்குள் இறங்க ஆயுள் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் எதிர்பார்க்கும் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்க முடியாது. இந்த ஊழிய முறையின் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். வந்தவர் இந்த மண்ணிடமிருந்து கற்றுக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. சொல்லிவிட்டுப் போகத்தான் நேரம் இருக்கிறது.

சமயம் சொல்ல வருபவர்கள் காஞ்சிக்குப் புதியவர்கள் அல்லர். மணிமேகலை தன் தேடலின் கடைசியில் வந்து சேரும் ஊர் இது. நாளந்தாவில் புகழ்பெற்ற தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர். போதிதருமரை இங்கிருந்து சீனா போனவர் என்று சொல்லும் மரபும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் இங்கே வந்திருக்கிறார். திருப்பருத்திக்குன்றத்தில் சமணக் கோயில் இன்றும் இருக்கிறது. ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் பெயரில் பள்ளி இருக்கிறது. கேட்டுக்கொண்டது, வாதாடியது, அனுப்பி வைத்தது எல்லாம் இந்த ஊருக்குப் பழக்கம்.

சென்னைப் புறநகரில் இருக்கும் என் சித்தி வீட்டுக்கு ஒரு மாலையில் இப்படி இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்து வீட்டில் அவர்கள் சபையைச் சேர்ந்த குடும்பம். அந்த அம்மா வர நேரமாகும் என்று சித்தி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, காபியை ஆற்றிக்கொண்டு வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ராஜமுந்திரியைச் சேர்ந்த பையன் மெதுவாக, “காபி குடிக்க மாட்டோம்மா” என்றான்.

“ஏம்ப்பா, டாக்டர் வேணாம்னாரா?”

“இல்லம்மா. எங்க சபையில காபி, டீ ரெண்டும் இல்ல.”

1833இல் அவர்கள் சபையில் வந்த உணவு நெறி அது. மதுவுக்கும் புகையிலைக்கும்கூட அதில் தடை. சித்திக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டியிருக்கவில்லை. “மோர் குடிப்பீங்கல்ல?” என்று உள்ளே போய், பெருங்காயம் போட்ட மோரை இரண்டு சொம்பில் கொண்டுவந்து வைத்தார். மூச்சு விடாமல் குடித்தார்கள். “அம்மாகிட்ட பேசினியா?” என்று ராஜமுந்திரிப் பையனிடம் கேட்டார். “திங்கக்கெழம பேசினேன்மா” என்றவன், அடுத்த திங்களுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரலில் எண்ணிப் பார்த்தான்.

கிளம்பும்போது தங்கள் சபையைப் பற்றிச் சொல்ல ஒரு நாள் வரலாமா என்று கேட்டார்கள். சித்தி, வீட்டுக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். “அடுத்த வாரம் வாங்கப்பா” என்றார். அவர்கள் வந்தார்கள். சித்தி கோயிலுக்குப் போயிருந்தார். மறுபடி வந்தார்கள். “ஊர்ல இருந்து ஆள் வந்திருக்கு, அப்புறம் பாக்கலாம்” என்றார். அதன் பிறகும் ஒரு தடவை வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சித்தி வாழ்நாள் முழுக்க வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுபவர்; மதம் மாறும் எண்ணம் துளியும் இல்லை. அந்தப் பிள்ளைகளோ ஒவ்வொரு முறையும் நம்பி வந்திருக்கிறார்கள். அன்று காலை எழுதிய திட்டத்தில் சித்தியின் பெயர் இருந்திருக்கும்.

தன் சமயத்தைப் பரப்ப அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு உரிமை தருகிறது. பிறரை மாற்றுவது அந்த உரிமையில் சேராது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் திரும்பப் பெறப்பட்டது. சட்டம் சொல்வது அவ்வளவுதான். வாசலில் நிற்கும் பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்வது என்பது நம் பொறுப்பு. அவன் சொல்லும் சமயம் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அவன் அந்த வயதில் வீட்டைவிட்டு வந்து நிற்கிறான் என்பதை மறந்துவிட்டு அதட்டுவதும், வீடியோ எடுத்து ஊருக்குப் பரப்புவதும் அநாகரிகம். அதேபோல், வாய்க்கு வந்தபடி “அப்புறம் வாங்க” என்று சொல்லி நாலு நாள் அலைய விடுவதும் நல்லதில்லை. நாம் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கேட்க விருப்பம் இருந்தால் உட்கார வைத்துக் கேளுங்கள், எதிர்க்கேள்வியும் கேளுங்கள். விருப்பம் இல்லையென்றால், “வேண்டாம் தம்பி, எங்களுக்கு எங்கள் சாமி போதும்” என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மோரைக் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.