கழுத்தில் ஒரு மூச்சுவாசல்

மாணவர்களே! இளநீரை முதலில் அகன்ற உறிஞ்சுகுழலாலும், பிறகு மெல்லிய குழலாலும் குடித்துப் பாருங்கள். மெல்லிய குழலில் கன்னம் ஒட்டிப்போகும் அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது அல்லவா? தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்த எளிய உண்மை உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது.

தானாக மூச்சுவிட இயலாத நோயாளிக்கு முதலில் வாய்வழியே குழாய் செலுத்தி, வென்டிலேட்டருடன் இணைப்பார்கள். நாள்கள் நீண்டால் அக்குழாய் வாயையும் குரல்வளையையும் புண்ணாக்கக்கூடும். ஆகவே குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழலில் துளையிட்டு, வளைந்த சிறு குழாயைப் பொருத்துவார்கள். இதுவே டிரக்கியாஸ்டமி. முன்னாள் முதலமைச்சர் மு. கருணாநிதிக்கு 2016 டிசம்பரில், 92ஆம் வயதில், சென்னைக் காவேரி மருத்துவமனையில் இச்சிகிச்சை செய்யப்பட்டது; 2018 ஜூலையில் அங்கேயே குழாய் மாற்றப்பட்டது.

இதில் இயற்பியல் எங்கே வருகிறது? குழாயில் சீராகப் பாயும் பொருளுக்கு ஏற்படும் தடை, ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது பாய்சொய் விதி. குழாயின் உள் ஆரம் 4 மில்லிமீட்டர் என்க. சுற்றிலும் 1 மில்லிமீட்டர் கனத்துக்குச் சளி காய்ந்து படிந்தால் ஆரம் 3 ஆகும். 256ஐ 81ஆல் வகுத்துப் பாருங்கள். தடை மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்துவிடுகிறது! முற்றிலும் அடைத்துக்கொண்டாலோ சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து. ஆதலால் செவிலியர் சளியை அவ்வப்போது உறிஞ்சி எடுக்கிறார்கள். உட்குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்கிறார்கள். மாற்றுக் குழாயைப் படுக்கையருகிலேயே வைத்திருக்கிறார்கள்.

சளி ஏன் காய்கிறது? நாட்டரசன்கோட்டையின் சித்திரை வெயிலில் புழுதிக் காற்றைச் சுவாசித்தாலும், நம் மூக்கு அதை வடிகட்டி, ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. கழுத்துக் குழாயில் நுழையும் காற்றுக்கு மூக்கு கிடையாது. எனவே ஈரம் காக்கும் ‘செயற்கை மூக்கு’ ஒன்றைக் குழாயின் வாயில் பொருத்துவார்கள்.

குழாயைச் சுற்றி ஒரு சிறு பலூனும் உண்டு. அதன் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவில் இருக்கவேண்டும். கூடினால் மூச்சுக்குழல் சுவரில் இரத்த ஓட்டம் தடைபட்டுப் புண்ணாகும். குறைந்தால் எச்சில் நுரையீரலுக்குள் கசியும்.

துளையை விரைவில் இட்டால் நோயாளி பிழைப்பாரா? பிரிட்டனில் 909 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான டிராக்மேன் ஆய்வு இதை ஆராய்ந்தது. நான்கு நாள்களுக்குள் துளையிடுவதென்ற பிரிவில் 30 நாள் இறப்பு 30.8 விழுக்காடு, பத்து நாள் காத்திருந்த பிரிவில் 31.5. ஏறக்குறைய சமம்! காத்திருந்தோரில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் துளை இடப்படவே இல்லை. எனவே பொறுத்திருப்பதும் மருத்துவமே.

நோயாளி தேறியதும் குழாயை எடுத்துவிட்டால், துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். சிலர் குழாயுடனேயே வீடு திரும்புவர். காற்று குரல் நாண்களைத் தொடாமல் வெளியேறுவதால் அவர்களால் கூப்பிட இயலாமற்போகலாம். அப்படி ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மணியும் சிலேட்டும் வையுங்கள். மணி ஒலித்தால் உடனே ஓடுங்கள்.